மருந்தும் தராசும்

திருத்தங்கல் வட்டாரத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. 'மருந்து அறை' என்றும், 'மணி மருந்து' என்றும், 'மருந்து செலுத்தும் வேலை' என்றும் அங்கே பேசப்படுவன நோய் தீர்ப்பவை அல்ல; பட்டாசுத் தொழிலுக்கு உரியவை. நோயாளிக்குக் கொடுப்பதையும் வெடியில் இடுவதையும் ஒரே சொல்லால் குறிப்பது தமிழுக்கு மட்டும் உரிய விந்தையா என்று தேடிப் பார்த்தோம். அல்ல. சீனர் வெடிமருந்தை 'நெருப்பு மருந்து' என்ற பொருள்பட ஹுவோயாவ் என்றனர். பாரசீகத்திலும் உருதுவிலும் 'தாரூ' என்பது நோய்க்கு மருந்து; துப்பாக்கிக்கும் மருந்து. அரபியில் மருந்தைக் குறிக்கும் 'தவா' என்ற சொல்லையே பழைய போர்க்கலை ஏடுகள் வெடிக் கலவைக்கும் ஆண்டுள்ளன. நான்கு மொழியாரும் தற்செயலாக ஒத்துப்போயினர் என்று நாம் எண்ணவில்லை. மருத்துவனின் சரக்குப் பெட்டியிலிருந்தும் இரசவாதியின் அடுப்பிலிருந்தும் பிறந்த பொருள் இது. பிறந்த வீட்டின் பெயரைச் சுமந்து திரிகிறது.

மருந்தென்றால் அளவு உண்டு. எவ்வளவு கொடுப்பது என்று அறியாதவன் மருத்துவன் ஆகான். ஆனால் வெடிமருந்தைப் பொறுத்தவரை, எவ்வளவு இடுவது என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை காண மனிதனுக்குப் பல நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த விடையைக் கண்ட அறிஞர் நம் கடலூரில் வந்து மண்ணுக்குள் போனார் என்பதை நம்மவருள் பலர் அறியார். அவ்வரலாற்றையே ஈண்டு எழுத முனைகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெடிமருந்தைக் கண்டவர் முஸ்லிம்கள் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அது சரியன்று. 1044ஆம் ஆண்டைச் சேர்ந்த சீனப் போர்நூலான வூஜிங் சோங்யாவில் கலவை முறைகள் எழுத்திலேயே இருக்கின்றன. நம் முன்னோரே இதை மறைத்ததில்லை. மாலகாவில் பிறந்து ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) திமிஷ்கில் மறைந்த மூலிகை நூலறிஞர் இப்னுல் பைத்தார், வெடியுப்பை எகிப்தியர் 'சீனப் பனி' என்று அழைத்ததையும், மேற்கு நாட்டார் 'பாரூத்' என்று அழைத்ததையும் பதிந்துள்ளார். பாரூத் என்ற சொல் அன்று உப்பை மட்டும் குறித்தது. பின்னரே கலவை முழுவதற்கும் பெயராயிற்று. பெயரிலேயே சீனத்தை ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். நமக்கு மட்டும் ஏன் தயக்கம்?

அரபு உலகம் செய்த பணி வேறு, அதுவும் சிறியதன்று. சிரியாவின் ஹஸன் அர்-ரம்மாஹ் குதிரையேற்றமும் போர்க்கருவிகளும் பற்றி 'அல்-ஃபுரூஸிய்யா வல்-மனாஸிபுல் ஹர்பிய்யா' என்ற நூலை எழுதினார். ரம்மாஹ் என்றால் ஈட்டிவீரர். ஹிஜ்ரி 694 அளவில் (1294–95) அவர் மறைந்தார். தம் தந்தையாரிடமும் பாட்டனாரிடமும் கைத்தொழில் வல்லாரிடமும் பெற்றதையே எழுதுவதாக அவர் கூறுகிறார். அந்நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட கலவைகள் உள்ளன. வாணங்களுக்கென்றே இருபதுக்கும் மேற்பட்டவை தனியே வகுக்கப்பட்டுள்ளன. வெடியுப்பை மரச்சாம்பல் நீரால் தூய்மைப்படுத்தும் முறையும் விளக்கமாக வருகிறது. இது சிறு செய்தியன்று. மண்ணிலிருந்து வடித்த உப்பில் ஈரத்தை இழுக்கும் வேற்று உப்புகள் கலந்திருக்கும். சாம்பலிலுள்ள காரம் அவற்றைப் படியச் செய்து பிரிக்கிறது. தூய்மையில்லாத சரக்கை எவ்வளவு நுட்பமாக நிறுத்தாலும் பயனில்லை. நேற்றைய பத்துப் பங்கும் இன்றைய பத்துப் பங்கும் ஒன்றாக இராது.

ரம்மாஹ் நிறுத்தே எழுதுகிறார். திர்ஹம் கணக்கில் ஒவ்வொரு சரக்குக்கும் எடை சொல்கிறார். பறக்க வேண்டியதற்கு ஒரு விகிதம், எரிய வேண்டியதற்கு இன்னொன்று. நிறை கோலை மதித்த நாகரிகம் அது. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, ஹிஜ்ரி 515இல், மர்வ் நகரில் அல்-காஸினி தராசைப் பற்றி மட்டுமே 'மீஸானுல் ஹிக்மா' என்று பெருநூல் செய்திருந்தார். நம் மதரஸாக்களில் ஸர்ஃபு இலக்கணத்துக்குத் தொடக்கமாக ஓதும் சிறு நூலுக்கும் மீஸான் என்றே பெயர். சொல்லைக்கூட நிறுத்துப் பார்க்கச் சொன்ன மரபு அது. (ஐனு ஜாலூத் போரிலேயே கைத்துப்பாக்கி இருந்தது என்று எழுதுவோரும் உளர். அதற்குக் காட்டப்படும் ஏடுகள் பிற்காலத்தன; அவ்வழக்கில் நாம் நுழையவில்லை.)

ஆனால் கலவையின் விகிதம் ஒன்று. குழலில் இடும் அளவு மற்றொன்று. முன்னதை ஏடுகள் தீர்த்துவிட்டன. பின்னது பீரங்கி வந்தபின் எழுந்த சிக்கல். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பீரங்கிக்காரர் நீண்ட கரண்டியால் மருந்தை முகந்து குழலில் இட்டுக் கெட்டித்தனர். குண்டின் எடையில் பாதி இடலாம் என்றார் ஒருவர். மூன்றில் இரு பங்கு வேண்டும் என்றார் மற்றவர். அதிகம் இட்டால் அதிக தூரம் போகும் என்பதே எல்லோரும் அறிந்த ஒரே சாத்திரம். 1460இல் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் ராக்ஸ்பரோ முற்றுகையில் தம் பக்கத்திலேயே நின்ற பீரங்கி வெடித்து மாண்டார். பேர் தெரியாத பீரங்கிக்காரர் எத்தனை பேர் அவ்வாறு மாண்டனர் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

இடையில் மருந்தே மாறியது. தூளாக இருந்ததை ஈரப்படுத்திப் பிசைந்து, உலர்த்தி, மணிமணியாக உடைக்கக் கற்றனர். மணிகளுக்கிடையே தீ விரைந்து ஓடியது. அதே எடை முன்னினும் வலுவாக வெடித்தது. பழைய குழலில் பழைய அளவிலேயே புது மருந்தை இட்டவர்களின் குழல்கள் பிளந்தன. பெயரும் நிறமும் மாறாமல் மருந்தின் குணம் மாறிவிடக்கூடும் என்பது அன்று குருதியால் கற்ற பாடம். திருத்தங்கல் தொழிலாளர் 'மணி மருந்து' என்பதை ஏன் தனியே பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதற்கும் இதில் விளக்கம் உண்டு.

இந்த இருட்டில் விளக்கேற்றியவர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707இல் பிறந்தவர், கணித அறிஞர். 1742இல் 'பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள்' என்ற நூலை வெளியிட்டார். பக்கங்கள் குறைவு, விளைவு பெரிது. மூன்றே ஆண்டில் மாபெரும் கணிதர் ஆய்லர் அதை ஜெர்மனில் பெயர்த்துத் தம் விரிவுரையும் சேர்த்தார்.

ராபின்ஸுக்கு முன் குண்டின் வேகத்தை அளந்தவர் இல்லை. கண்ணால் காண இயலாததை எப்படி அளப்பது? அவர் கண்ட வழி எளியது. எளிமையே அதன் அழகு. முக்காலி ஒன்றிலிருந்து கனத்த மரப்பலகையை ஊசல்போல் தொங்கவிட்டார். துப்பாக்கியை அதை நோக்கிச் சுட்டார். குண்டு பலகையில் புதைந்ததும் பலகை பின்னே ஆடும். பலகையின் அடியில் கட்டிய நாடா எவ்வளவு இழுபட்டது என்று பார்த்தால் ஆட்டத்தின் அளவு தெரியும். குண்டின் எடையும் பலகையின் எடையும் தெரிந்தவை, ஆட்டமும் தெரிந்துவிட்டது, எஞ்சியது கணக்கு. மின்னல்போல் பாய்வதை அளக்கத் தொட்டில்போல் ஆடுவதைத் துணைக்கொண்டார்.

அவர் கண்டவற்றுள் நம் பொருளுக்கு வேண்டியவை சில. மருந்து எரிகையில் பிறக்கும் வாயு, குளிர்ந்த நிலையில், மருந்தின் கன அளவைப்போல் 244 மடங்கு என்று மதிப்பிட்டார். வெப்பம் அதை மேலும் பெருக்க, குழலினுள் ஏறத்தாழ ஆயிரம் காற்றுமண்டலங்களின் அழுத்தம் எழுகிறது என்றார். பிற்காலக் கருவிகள் இதைவிடப் பெரிய எண்களைக் காட்டின. எனினும் குழலுக்குள் நடப்பதை எண்ணாகச் சொன்ன முதல் முயற்சி அது. துப்பாக்கிக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,700 அடி வேகத்தில் புறப்படுவதையும் கண்டார். அந்த வேகத்தில் காற்று அதன் மீது தரும் தடை குண்டின் எடையைப்போல் சுமார் 120 மடங்கு என்று அவர் சொன்னபோது நம்புவோர் அரியராயினர். காற்றின் தடை அற்பம் என்றே அதுவரை நூல்கள் கூறிவந்தன.

இதிலிருந்து என்ன ஆயிற்று? மருந்தைக் கூட்டிப் பெற்ற வேகத்தைக் காற்று சில பாகங்களுக்குள் பிடுங்கிக்கொள்கிறது; ஆனால் கூட்டிய அழுத்தத்தைக் குழல் முழுவதும் தாங்கியாக வேண்டும். ஆதாயம் காற்றோடு போகிறது, நட்டம் கையருகே நிற்கிறது. ஆகவே அன்று வழக்கிலிருந்த மருந்தளவுகள் மிகை என்று ராபின்ஸ் எழுதினார். போர்க்கப்பல்களில் பெரிய குண்டும் குறைந்த மருந்தும் கொள்ளலாம் என்று 1747இல் தனி ஏடும் வரைந்தார். ஈரம் ஏறிய மருந்து எடையில் கூடி வலிவில் குன்றும் என்பதும் அவர் கவனத்துக்குத் தப்பவில்லை. அவருக்குப் பின் வந்த சார்லஸ் ஹட்டன் வூலிச்சில் செய்த சோதனைகள் இதைத் தெளிவான விதியாக்கின: வேகம் மருந்தின் அளவோடு நேராக ஏறுவதில்லை, அதன் வர்க்கமூலத்தோடு ஏறுகிறது. வேகத்தை இரட்டிக்க மருந்து நான்கு மடங்கு வேண்டும். கரண்டிக்காரர்களின் சாத்திரம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

பட்டாசு நாட்டாருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 1749 ஏப்ரலில் இலண்டன் கிரீன் பார்க்கில் அரசவை வாணவேடிக்கை ஒன்று நடந்தது. அது பெரிதும் பேசப்படுவது ஹாண்டெலின் இசைக்காகவும், மேடை தீப்பற்றியதற்காகவும். கூட்டம் வாய்பிளந்து நிற்கையில் வாணங்கள் எவ்வளவு உயரம் ஏறுகின்றன என்று ராபின்ஸ் ஆள் நிறுத்தி அளந்து, அடுத்த மாதமே ராயல் சொசைட்டியில் அறிக்கை படித்தார். வேடிக்கையிலும் வேலை பார்த்த மனிதர்.

அவ்வாண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தன் கோட்டைகளைச் சீர்செய்யும் தலைமைப் பொறியாளராக நியமித்தது. சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் 1746இல் இழந்த கம்பெனி, கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. சென்னை திரும்பக் கிடைத்த பின்னும் 1752 வரை அந்நிலை நீடித்தது. 1750இல் அங்கு வந்து சேர்ந்த ராபின்ஸ், கோட்டைத் திட்டங்களை வரைந்துகொண்டிருந்தபோதே 1751 ஜூலை 29இல் காலமானார், வயது 44. எழுதுகோல் கையிலிருக்கவே உயிர் பிரிந்தது என்பர். கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் போய்வரும் நம் வாசகர்கள் எத்தனையோ பேர். கெடிலம் கடலில் கலக்கும் இடத்தருகே எஞ்சியிருக்கும் அந்தச் சிதைவுகளைக் கடக்கையில் இம்மனிதரின் நினைவு வருவது தகும். அவர் நம்மை அடக்க வந்த கூட்டத்தின் ஊழியர் என்பதையும் நாம் மறக்கவில்லை. இல்முக்கு எசமானர் பலர்.

அவர் மறைந்து 29 ஆண்டுகள் கழித்து, 1780 செப்டம்பர் 10இல், காஞ்சிபுரத்தருகே பொள்ளிலூரில் ஹைதர் அலீயும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை வென்றனர். மைசூர் வாணங்களின் புகழ் பாடுவோர் இப்போரை விடுவதில்லை. முடிவை விரைவாக்கியது ஆங்கிலேயரின் மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தமையே. ஓரிடத்தில் குவித்து வைத்த மருந்து யாருக்கும் நண்பனன்று. மைசூரார் மருந்தை இரும்புக் குழாயில் அடைத்தனர். தாள் குழாய் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. வாணம் நெடுந்தூரம் சென்றது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவை வூலிச்சுக்குப் போய்க் காங்கிரீவின் ராக்கெட்டுகளுக்கு வழிகாட்டின. சிவமொக்கா மாவட்டம் நகரக் கோட்டையின் பாழ்கிணற்றிலிருந்து 2018இல் ஏறத்தாழ ஆயிரம் வாணக் குழாய்கள் எடுக்கப்பட்டன.

துப்பாக்கிக்கு வருவோம். போர்க்களத்தில் ஒவ்வொருவனும் மருந்தை நிறுத்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அளந்த மருந்தையும் குண்டையும் ஒரு தாளில் சுருட்டிக் கட்டித் தந்தனர், அதுவே தோட்டா. 1857இல் சிப்பாய்களைக் கொதிக்க வைத்த என்பீல்டு தோட்டா அத்தகையது. தாளில் தடவிய கொழுப்பைப் பற்றி எல்லோரும் பேசினர். தாளுக்குள் இருந்த மருந்தைப் பற்றி எவரும் பேசவில்லை. அது 68 கிரெயின். ஒரு தோலாவுக்கு 180 கிரெயின், 96 குன்றிமணி என்ற பழைய கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 36 குன்றிமணி எடை. பொற்கொல்லர் தராசில் நிற்கும் அளவு. ஒரு படையின் உயிர் அதில் நின்றது.

1884இல் பிரான்சின் வியெய் புகையிலா மருந்தைக் கண்டார். 1889இல் ஆங்கிலேயர் கார்டைட்டைக் கொண்டனர். நீலகிரியின் அரவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை 1904 முதல் இயங்கி வருகிறது. பழைய கரிமருந்து ஓரளவு பொறுமை உடையது. சற்றுக் கூடினாலும் நல்ல குழல் தாங்கிக்கொள்ளும். புதியது அப்படியன்று. கரிமருந்துக்கு வைத்த முகத்தல் அளவையில் இதை நிரப்பினால் துப்பாக்கியே சிதறும். அமெரிக்கா போன்ற நாடுகளில் குறிசுடும் விளையாட்டினர் சுட்ட வெற்றுத் தோட்டாவில் தாமே மருந்திட்டுக் கொள்வதுண்டு. (நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்தல் குற்றம்.) அவர்களிடையே வழங்கும் விதிகள் ராபின்ஸின் ஊசலிலிருந்து வந்த பேரர்கள்போல் இருக்கின்றன. முகந்து இடாதே, நிறுத்து இடு. ஏட்டில் சொன்ன தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறு. உச்ச அளவில் தொடங்காதே. ஒரு மருந்துக்குச் சொன்ன அளவை வேறு மருந்துக்குக் கொள்ளாதே. குறைத்துவிட்டால் தீங்கில்லை என்றும் எண்ணாதே. வலுவற்ற மருந்தால் குண்டு குழல் நடுவே நின்றுவிட, அடுத்த குண்டு அதில் மோதிக் குழல் பிளக்கும். குறி தவறாமைக்கும் உச்ச அளவு வேண்டியதில்லை; ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரே நிறை இருத்தலே பெரிது.

இனித் திருத்தங்கல். சிலப்பதிகாரம் அறிந்த பழைய ஊர். 2021 முதல் சிவகாசி மாநகராட்சியின் பகுதி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததையும், 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பின் பட்டாசு ஆலைகள் பெருகியதையும் இவ்வட்டாரத்தார் நன்கறிவர். இங்கும் எல்லாம் அளவே. ஒவ்வொரு வெடியும் நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கலாகாது என்ற விதி, உள்ளே இடும் மருந்துக்கு விதித்த வரம்பன்றி வேறென்ன? குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை 1992இல் தடுக்கப்பட்டது; சிறு உரசலுக்கே தீப்பற்றும் கலவை அது. பேரியம் உப்புகளுக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

ஆனால் தொழிலாளி அறிந்த வரம்புகள் இன்னும் நெருக்கமானவை. மருந்தைக் காலைக் குளிர்ச்சியிலேயே சிறுகச் சிறுகக் கலக்க வேண்டும். அன்று கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும். ஈரம் பட்ட அலுமினியப் பொடி தானே சூடேறும். மருந்து செலுத்தும் அறையில் நால்வருக்கு மேல் ஆகாது. அறைக்கு அறை இடைவெளி வேண்டும். இரும்புக் கருவி ஆகாது. இவ்விதிகள் அறியாமல் எவரும் சாவதில்லை, அறிந்தே சாகிறார்கள். ஏனெனில் கூலி எண்ணிக்கைக்குத் தரப்படுகிறது. நிரப்பிய குழாய் எத்தனை என்பதே சனிக்கிழமைக் கணக்கு. உரிமம் பெற்றவர் ஒருவர், உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் இன்னொருவர் என்றாகும் இடங்களில், தீபாவளி நெருங்க நெருங்க அறைக்குள் ஆளும் கூடும், மருந்தும் கூடும், மர நிழலிலும் வேலை நடக்கும். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். முதல் வெடியோசை கேட்டு உதவ ஓடிவந்த அயலூராரும் அவர்களுள் அடங்குவர். விபத்துக்குப்பின் 'உராய்வு' என்று எழுதுவது வழக்கம். உராய்வு தீயை மூட்டும். நாற்பது உயிரைக் குடிப்பது அங்கே குவிந்திருந்த நிறை. கரண்டிக்காரர் காலம் இங்கே இன்னும் முடியவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

இத்தொழிலை இழித்துப் பேசுவது நம் நோக்கமன்று. மழை பொய்த்த கரிசல் மண்ணில் லட்சக்கணக்கானோர்க்குச் சோறு போட்டது இது. எல்லாச் சமயத்து வீடுகளிலிருந்தும் பெண்கள் காலையில் ஆலை வண்டி ஏறுகிறார்கள். உரிமம் பெற்ற ஆலைகளில் ஒவ்வோர் அறையின் சுவரிலும் அறை எண்ணும், இருக்கத்தக்க ஆள் எண்ணிக்கையும், வைக்கத்தக்க மருந்தின் கிலோ எடையும் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். மாலையில் வீடு திரும்பும் மகளிடம், இன்று உன் அறையில் எத்தனை பேர், சுவரில் போட்டிருப்பது எத்தனை என்று கேட்பதற்குக் கணிதமும் வேண்டாம், அரபியும் வேண்டாம். விடை இரண்டு எண்கள்தாம்.